காட்டுக்கோழிக் கழுத்தும் சால்மன் தூண்டிலும்

2014-இல் ஒரு ப்ராஜெக்டுக்காக எடின்பரோவில் ஆன்சைட்டில் இருந்தேன். எங்கள் டீமில் டெஸ்டிங் பார்த்த ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர், ஐம்பது தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், "நாளைக்கு ட்வீடு நதிக்குப் போகிறேன், வருகிறாயா?" என்று கேட்டார். வாரக் கடைசியில் துணி துவைத்து, சாம்பார் வைத்து, ஊருக்குப் போன் பேசுவதைத் தவிர எனக்கு வேறு வேலை கிடையாது. போனேன். ஃப்ளை ஃபிஷிங் என்ற பைத்தியம் எனக்குப் பிடித்தது அப்படித்தான்.

தூண்டில் போடுவது எனக்குப் புதிதல்ல. பள்ளி நாட்களில் வாய்க்காலில் மண்புழு கோத்து கெண்டை பிடித்திருக்கிறேன். இது அதற்கு நேர் எதிர். நம் தூண்டிலில் இரையோ ஈயக்குண்டோ கனமாக இருக்கும். வீசினால் அந்தக் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் முள்ளில் இருப்பது நூலும் இறகும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி. அதற்குக் கனமே கிடையாது, எறிந்தால் காலடியில் விழும். அதனால் இங்கே கயிற்றுக்குத்தான் கனம். கோலைப் பின்னால் வீசி, கயிறு முழுசாக நீளும்வரை ஒரு கணம் பொறுத்து, பிறகு முன்னால் வீச வேண்டும். அந்த ஒரு கணம் பொறுப்பதற்குக் கற்றுக்கொள்ள எனக்கு நான்கு சனிக்கிழமை ஆனது. முதல் நாள் நான் பிடித்தது எனக்குப் பின்னால் இருந்த வேலியையும் என் தொப்பியையும்தான்.

மழை பெய்யும் சனிக்கிழமைகளில் அவர் வீட்டுச் சமையலறை மேஜையில் ஃப்ளை கட்டக் கற்றுக்கொடுத்தார். முள்ளைப் பிடித்துக்கொள்ள ஒரு சின்ன வைஸ், நூல்கண்டைத் தொங்கவிட ஒரு பாபின், கத்தரி, மெழுகு, இவ்வளவுதான் கருவி. நூலைச் சுற்றிக்கொண்டே வர வேண்டும். ஒவ்வொரு இறகையும் அந்தச் சுற்றுக்குள் மாட்டிவிட வேண்டும். எங்கேயும் முடிச்சு கிடையாது, கடைசியில் மட்டும் ஒன்று. இழுப்பு குறைந்தால் அவிழும், கூடினால் நூல் அறும். பதினைந்து வருஷம் கீபோர்டு தட்டிய விரல்களுக்கு இது நல்ல தண்டனை.

அப்படி ஒரு நாள் இறகுப் பெட்டியிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் காகித உறையை எடுத்துக் காட்டினார். கருத்த இறகு, சுண்டுவிரல் நீளம். நுனியில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு புள்ளி. நிறம் பூசினது போல் இல்லை, மெழுகை ஒரு சொட்டு விட்டது போல வழுவழுப்பாக, கெட்டியாக இருந்தது. "இது உங்கள் ஊர்ப் பறவை. ஜங்கிள் காக்" என்றார். ஒரு முழுக் கழுத்து நூறு பவுண்டுக்குப் பக்கம் என்றும் சொன்னார்.

எனக்கு அந்த இறகைத் தெரியும். ஆனைமலை அடிவாரத்தில் என் மனைவியின் ஊர். அங்கே அவளுடைய பெரிய மாமா வீட்டில் இதே புள்ளி போட்ட தோல் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். மாமாவிடம் பிறகு வருகிறேன்.

அந்த உறை என்னைப் பிடித்துக்கொண்டது. நான் பி.இ. படித்தவன், பறவையியல் படித்தவன் அல்ல. ஆனால் ஒரு பக் வந்தால் அது எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று தேடிப் போவது பழக்கம். மேற்குத் தொடர்ச்சி மலைச் சேவலின் கழுத்து ஸ்காட்லாந்து நதியின் தூண்டில் முள்ளுக்கு எப்படிப் போனது?

பொய்ப்பூச்சி கட்டுவது மிகப் பழைய வேலை. கி.பி. 200-ஐ ஒட்டி எழுதிய ரோமானியர் ஏலியன், மாசிடோனியாவில் அஸ்ட்ரேயஸ் என்ற நதிக்கரை ஆட்கள் செய்ததை விவரிக்கிறார். நீரின் மேல் பறக்கும் ஒரு பூச்சியை அங்குள்ள புள்ளி மீன்கள் விரும்பித் தின்னும். பூச்சியைக் கையால் பிடித்தால் நிறம் கெட்டுவிடும், முள்ளில் நிற்காது. எனவே முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே முளைக்கும் இரண்டு இறகுகளைக் கட்டினார்கள். கோல் ஆறடி, கயிறும் ஆறடி. அந்த இறகுகள் மெழுகு நிறம் என்று எழுதியிருக்கிறார். அது நம் காட்டுக்கோழி அல்ல, அந்த ஊர் வீட்டுச் சேவல்தான். ஆனாலும் 'மெழுகு' என்ற சொல்லைப் படித்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

இங்கிலாந்தில் 1496-இல் வின்கின் டி வோர்ட் அச்சிட்ட ஒரு சின்ன நூல் பன்னிரண்டு ஃப்ளைகளுக்குச் செய்முறை தருகிறது. ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னியாஸ்திரீ எழுதியதாக மரபு. ஐசக் வால்டனின் புகழ்பெற்ற மீன்பிடி நூல் 1653-இல் வந்தது. 1676-இல் சார்லஸ் காட்டன் அதற்கு ஃப்ளை ஃபிஷிங் பற்றி ஒரு பகுதி எழுதிச் சேர்த்தார். இவற்றிலெல்லாம் பொருட்கள் எளியவை. ஆட்டு மயிர், நாய் மயிர், வாத்து இறகு, வீட்டுக் கோழி. கயிறு குதிரைவால் முடி. வீட்டு வாசலில் கிடைத்ததை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். காரணமும் இருந்தது: ட்ரவுட் மீன் நதியில் பூச்சி தின்று வாழ்கிறது. அது தின்னும் பூச்சி போல இருந்தால் போதும், அந்தப் பூச்சியோ சாம்பலும் பழுப்புமானது.

சால்மன் கதை வேறு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், கட்டுரையே இதில்தான் நிற்கிறது.

அட்லாண்டிக் சால்மன் கடலில் தின்று கொழுத்து, முட்டையிடுவதற்காகத் தான் பிறந்த நதிக்குத் திரும்புகிறது. நதிக்குள் நுழைந்ததும் அது சாப்பிடுவதை நிறுத்திவிடுகிறது. வயிறு சுருங்கிப் போகிறது. மாதக்கணக்கில் உடம்புக் கொழுப்பில்தான் ஓட்டம். அப்படியிருந்தும் சில சமயம் கண்முன்னால் போகும் ஃப்ளையைக் கவ்வுகிறது. கோபமா, ஆர்வமா, குஞ்சாக இருந்தபோது பூச்சி தின்ற பழைய ஞாபகமா என்று மீன்காரர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். எப்படியானாலும் பசி இல்லை. அதாவது சால்மன் ஃப்ளை எந்தப் பூச்சியின் நகலும் இல்லை. எதைப் போல இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடே அதற்குக் கிடையாது. ஸ்பெசிஃபிகேஷன் இல்லாத சாஃப்ட்வேர் மாதிரி. அப்படி ஒன்றைக் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆளுக்கு ஆள் சேர்த்துக்கொண்டே போவார்கள்.

19ஆம் நூற்றாண்டில் சேர்த்தார்கள். உலகத்தின் பாதி துறைமுகங்களிலிருந்து லண்டனுக்குக் கப்பலில் இறகு வந்து இறங்கிய காலம். சீமாட்டிகளின் தொப்பிக்கு வந்த இறகில் ஒரு பங்கு தூண்டிலுக்குப் போனது. அயர்லாந்திலிருந்து லண்டனுக்கு வந்து கடை போட்ட வில்லியம் பிளாக்கர் 1842-இல் ஃப்ளை கட்டும் கலை பற்றி நூல் எழுதினார். 1895-இல் ஜார்ஜ் கெல்சனின் 'தி சால்மன் ஃப்ளை' வந்தது. நூற்றுக்கணக்கான செய்முறைகள், எந்த இறகு எந்த இடத்தில் எத்தனை இழை என்ற கண்டிப்போடு. ஒன்றை மாற்றினால் ஏதோ ஆகமம் மீறியது போன்ற தொனி.

ஜாக் ஸ்காட் என்று ஒரு ஃப்ளை. ட்வீடு நதிக்கரையில் மீன்பிடிப்பு வேலை பார்த்தவரின் பெயர் அது, அவரே கட்டியது என்பார்கள். கெல்சன் தரும் செய்முறைப்படி கட்ட வேண்டுமானால் நெருப்புக்கோழி, டூக்கன், கினிக்கோழி, வான்கோழி, கானமயில் இனம் ஒன்று, மயில், அன்னம், காட்டு வாத்து, மக்கா கிளி, சீனத்துத் தங்க ஃபெசன்ட், தென் அமெரிக்க நீலப் பறவையான சாட்டரர், இந்தியன் க்ரோ எல்லாம் வேண்டும். இவ்வளவும் ஒரு விரல் நீள முள்ளில். (இந்தியன் க்ரோ என்ற பெயரைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். அது காக்கையும் இல்லை, இந்தியாவும் இல்லை. கழுத்தில் சிவப்பு இறகுள்ள தென் அமெரிக்கக் காட்டுப் பறவை.) இவற்றுக்கெல்லாம் மேலே, இரு பக்கமும் ஒவ்வொன்றாக, ஜங்கிள் காக். மீனுக்குக் கண் இருப்பது போலத் தோற்றம் தரும் என்பதால் எண்ணற்ற ஃப்ளைகளில் அது ஏறிவிட்டது. இந்தியக் காகம் பொய். இது மட்டும் நிஜமாகவே இங்கிருந்து போனது.

பறவை சாம்பல் காட்டுக்கோழி. தீபகற்ப இந்தியாவில் மட்டுமே வாழ்வது, முக்கியமாக மேற்குத் தொடர்ச்சி மலையில். புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு இயற்கையாளர் பியர் சொன்னரா தன் 1782 நூலில் இதை விவரித்து, வீட்டுக் கோழியின் மூதாதை இதுதான் என்றார். 1813-இல் டெமிங்க் வைத்த அறிவியல் பெயரில் அவர் பெயர்தான் நிற்கிறது: காலஸ் சொன்னராட்டி. டார்வின் பின்னால் வந்து, இல்லை, சிவப்புக் காட்டுக்கோழி ஒன்றே மூதாதை என்றார். 2008-இல் வந்த மரபணு ஆய்வு, பெரும்பாலும் டார்வின் சரி, ஆனால் கோழிகளின் மஞ்சள் தோலுக்கான மரபணு இந்தச் சாம்பல் கோழியிடமிருந்து வந்தது என்று காட்டியது. அடுத்த முறை மஞ்சள் கால் கோழியைப் பார்த்தால் சொன்னராவை நினைத்துக்கொள்ளுங்கள்.

கழுத்திலுள்ள புள்ளி சாயமல்ல. இறகின் தண்டு நுனியில் அகன்று, தட்டையான பளபளப்பான தகடாக ஆகிவிடுகிறது. சேவலுக்கு மட்டும்தான். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அந்த இறகுகள் உதிர்ந்து கொஞ்ச காலம் மங்கலான கழுத்தோடு திரியும். ஆக, வேட்டைக்காரனுக்கு வேண்டிய கழுத்து எப்போது கிடைக்கும்? சேவல் கூவி ஜோடி சேரும் பருவத்தில்தான்.

இந்தப் புள்ளிகளை வெள்ளைக்காரன் வந்துதான் கண்டுபிடித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குறுந்தொகை 242-ஐ எடுத்துப் பாருங்கள். முல்லை நிலத்துக் கானங்கோழிச் சேவல். அதன் கழுத்தில் ஒளிரும் புள்ளிகள். அந்தக் கழுத்தின் மேல் குளிர்ந்த நீர்த்துளிகள் விழுகின்றன. கெல்சனுக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னால் ஒரு புலவர் அதே இடத்தைத்தான் உற்றுப் பார்த்திருக்கிறார். பறவை உயிரோடு நனைந்துகொண்டிருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

இறகு இங்கிருந்து அங்கே போன அதே காலத்தில், மீன் அங்கிருந்து இங்கே வந்தது. நீலகிரியில் குடியேறிய ஆங்கிலேயருக்குக் குளிரும் ஓடையும் இருந்தன, ட்ரவுட் இல்லை. மெட்ராஸ் ராணுவ மருத்துவரும் இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவருமான ஃபிரான்சிஸ் டே 1860-களில் முட்டைகளைக் கொண்டுவர முயன்று தோற்றார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் முயற்சி பலித்தது. அவலாஞ்சியில் பொரிப்பகம் வந்தது. வேடிக்கை என்னவென்றால் பிரிட்டனின் சொந்தப் பழுப்பு ட்ரவுட் நீலகிரியில் நிலைக்கவில்லை. நிலைத்தது வட அமெரிக்காவின் பசிபிக் கரைப் பக்கத்து ரெயின்போ ட்ரவுட். சோலைக்காட்டு ஓடைகளில் அதற்கு முன் இருந்த சின்ன மீன்களிடமும் தவளைகளிடமும் யாரும் அனுமதி கேட்கவில்லை.

சட்டம் மெதுவாக வந்தது. 1902-இல் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து காட்டுப் பறவை இறகு ஏற்றுமதிக்குத் தடை. 1921-இல் பிரிட்டன் தன் பக்கம் இறக்குமதித் தடைச் சட்டம் போட்டது. தடை போட்ட பிறகும் பின்வாசல் வியாபாரம் நடந்தது. 1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று காட்டுக்கோழியைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். இப்போது ஐரோப்பாவில் விற்கும் கழுத்துகள் அங்கேயே பண்ணையில் வளர்த்த பறவைகளுடையவை. நண்பர் உறையில் இருந்ததும் அதுதான், ரசீதையும் காட்டினார்.

இதற்குள் சால்மன் பிடிப்பவர்கள் ஜாக் ஸ்காட்டை விட்டுவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 20ஆம் நூற்றாண்டில் அணில் வால், மான் வால் முடி என்று எளிய ஃப்ளைகள் வந்தன. மீன் அவற்றையும் கவ்வியது. அவ்வளவு பறவைகளும் தேவைப்பட்டது மீனுக்கு இல்லை. பழைய ஆடம்பர ஃப்ளைகளை இன்று கட்டுபவர்களில் பலர் அவற்றைக் கண்ணாடிச் சட்டத்தில் வைக்கத்தான் கட்டுகிறார்கள். அந்த ஆசை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2009 ஜூனில் ட்ரிங் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நடந்த திருட்டு சாட்சி. லண்டனில் இசை படித்துக்கொண்டிருந்த, ஃப்ளை கட்டுவதில் பெயர் பெற்ற ஒரு அமெரிக்க மாணவர் ஜன்னலை உடைத்து 299 பறவைத் தோல்களைப் பெட்டியில் அள்ளிப் போனார். ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் சேகரித்தவையும் அதில் உண்டு. பிடிபட்டபோது பல தோல்களில் சீட்டு இல்லை. எங்கே, எந்தத் தேதியில் பிடித்தது என்று காலில் கட்டியிருக்கும் சீட்டு. ப்ரைமரி கீ இல்லாத ரெக்கார்டு அது. விஞ்ஞானத்துக்கு அந்தத் தோல் இனி வெறும் தோல். கிர்க் வாலஸ் ஜான்சன் இதைப் பற்றி 2018-இல் எழுதிய நூலை இரண்டே இரவில் படித்தேன். கோபம் வந்தது. கூடவே, அந்த மாணவரின் கை நடுங்காமல் இறகைத் தொடும் சுகம் எப்படி இருக்கும் என்று எனக்குப் புரிந்ததும் உண்மை.

ஏனென்றால் 2019 பொங்கலுக்கு மனைவி ஊருக்குப் போனபோது என் பையில் வைஸும் நூலும் இருந்தன. மாமா எழுபது தாண்டியவர். திண்ணையில் நான் ஃப்ளை கட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது எதுக்குங்க மாப்ள?"

சொன்னேன். போனில் ஜாக் ஸ்காட் படத்தையும் காட்டினேன். புள்ளியில் விரல் வைத்தார்.

"அட, இது நம்ம காட்டுச்சேவக் கழுத்துல்லங்க?"

உள்ளே போய்த் தகர டப்பாவைக் கொண்டுவந்தார். அந்துருண்டை வாசனை. உப்பும் சாம்பலும் போட்டுக் காய வைத்த கழுத்துத் தோல், புள்ளி ஒன்றும் கலையவில்லை. சின்ன வயசில் கண்ணி வைப்பார்களாம். கறி வீட்டுக்கு, கழுத்து வியாபாரிக்கு. "கறிய விடக் கழுத்துக்குத்தான் காசுங்க. சீமைக்குப் போவுது, தொர மாருங்க தொப்பில வெப்பாங்கன்னு சொல்லுவான். எங்களுக்கென்ன தெரியும்?" வியாபாரி வராமல் போன ஒரு வருஷத்தில் மிஞ்சியது இது ஒன்று.

"நீங்க எடுத்துக்கங்க. எனக்கு எதுக்கு?"

கை நீண்டது. எடின்பரோவில் நூறு பவுண்டு. அதைவிட, நான் கட்டும் முதல் முழு ஜாக் ஸ்காட்டுக்கு எங்கள் சொந்தக் காட்டின் இறகு. செத்து அறுபது வருஷமான பறவை, நான் எடுப்பதால் இன்னொன்று சாகப் போவதில்லை என்று மனசு வக்கீல் வேலை பார்த்தது. ட்ரிங் ஆள் தனக்குச் சொல்லிக்கொண்டதும் கிட்டத்தட்ட இதையேதான். "வேண்டாங்க மாமா, இப்ப சட்டப்படி இதை வாங்கக் கொடுக்கக் கூடாது" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "அப்ப இத்தன வருசம் நான் வெச்சிருக்கறது தப்புங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. அன்றைக்கு அது குற்றமில்லை என்று ஏதோ சொன்னேன். வனத்துறையிடம் ஒப்படைக்கலாம் என்றும் சொன்னேன். சொன்ன விதம் ஒரு பெரியவரை மிரட்டியது போல ஆகிவிட்டது. டப்பாவை மூடியபடி, பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ கேட்டார்: "செரி, இதக் கண்டா மீனு கடிக்குதுங்களா?"

"அந்த மீன் ஆத்துக்குள்ள வந்தா சாப்பிடாதுங்க மாமா."

"அப்புறம் எதுக்குங்க கழுத்த அறுத்தாங்க?"

திரும்பி வந்து கட்டிய ஜாக் ஸ்காட்டில் ஜங்கிள் காக் இடத்தில் வீட்டுக் கோழி இறகு போட்டேன். மனைவியின் நெயில் பாலிஷில் வெள்ளையும் மஞ்சளும் கலந்து ஊசி முனையால் புள்ளி. மற்ற பறவைகளுக்கும் வாத்து, வான்கோழி இறகில் சாயம். சுமாராகத்தான் இருக்கிறது, கிட்டே வைத்துப் பார்த்தால் புள்ளி கொஞ்சம் வழிந்திருப்பது தெரியும். படத்தை எடின்பரோ நண்பருக்கு அனுப்பினேன். தலைப்பக்கம் நூல் சுற்று அதிகம் என்று மட்டும் பதில் வந்தது.

அந்தக் கழுத்து வியாபாரம் பற்றி அடிவார ஊர்களில் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாருக்காவது ஞாபகம் இருந்தால் கேட்டு எழுதுங்கள். ஆள் பெயர் வேண்டாம். எந்த வருஷம், எந்தச் சந்தை, ஒரு கழுத்துக்கு என்ன விலை, இந்த மூன்றும் போதும். கேட்கும்போது சட்டத்தைப் பற்றி முதலிலேயே பேசிவிடாதீர்கள். நான் செய்த தவறு அது.